செங்கம் தாண்டியதும் சூடாகும் ஏசி

சித்ரா பௌர்ணமிக்குப் பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் கார்களில் ஒரு வியாதியை அடிக்கடி பார்க்கலாம். கிருஷ்ணகிரி வரை ஏசி ஜில்லென்று இருக்கும். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டையிலும் குறை சொல்ல முடியாது. செங்கம் தாண்டி, திருவண்ணாமலை எல்லையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர ஆரம்பித்ததும் காற்று வெதுவெதுப்பாகும்; கொஞ்ச நேரத்தில் அனலடிக்கும். பின்சீட்டுப் பாட்டி கண்ணாடியை இறக்கச் சொல்வார். வண்டி ஓட்டுகிறவர் சொல்லும் காரணம் அநேகமாக எல்லாக் கார்களிலும் ஒன்றேதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு."

பெரும்பாலும் தீர்ந்திருக்காது. கேஸ் தீர்ந்த வண்டி கிருஷ்ணகிரியிலும் குளிர்ந்திருக்காதே!

பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. திருவண்ணாமலை 200 மீட்டரை ஒட்டி. சித்திரை, வைகாசியில் இந்த இறக்கமே நாலைந்து டிகிரியைக் கூட்டிவிடும். 2025இல் சித்ரா பௌர்ணமி மே 12ஆம் தேதி, கத்திரி வெயிலின் நடுவில் வந்தது. 14 கி.மீ. கிரிவலப் பாதை அன்றைக்கு நடக்கிறவர்களுக்குச் சொந்தம்; ஊரைச் சுற்றி ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் போடுவார்கள். அங்கே போய்ச் சேரும் கடைசி சில கிலோமீட்டரில்தான் கார் ஏசிக்குப் பரீட்சை. வெளிக்காற்று சூடு. வண்டி நகராததால் முன்பக்கம் எதிர்க்காற்று இல்லை. எஞ்சினோ ஐடிலிங்கில் முனகிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் சேரும் இடம் அது. ஒன்று மட்டும் வந்தால் சமாளித்துவிடும் வண்டி, மூன்றும் சேர்ந்தால் கைவிரித்துவிடுகிறது.

ஏன் என்று புரிய, ஏசி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டும் யந்திரம் அது. அள்ளும் இடம் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில். கொட்டும் இடம் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர். இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வருவது நாம் கேஸ் என்று சொல்லும் குளிர்பொருள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் சரக்கு இது. அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். கூலிங் காயிலில் அழுத்தம் முப்பது பிஎஸ்ஐ அளவில் இருக்கும். அங்கே அது பூஜ்ஜியத்தை ஒட்டிக் கொதிக்கிறது, கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியதைக் கொட்டத்தான் பாடு.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். வெளிக்காற்று 40 டிகிரி என்றால், அதற்குள் வெப்பத்தைத் தள்ள கண்டென்சர் அதைவிடப் பதினைந்து, இருபது டிகிரியாவது கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் கேஸை நசுக்குவது இதற்காகத்தான். கண்டென்சர் 55 டிகிரியில் வேலை செய்தால் அழுத்தம் சுமார் 200 பிஎஸ்ஐ. 65 என்றால் 260. 75 என்றால் 330ஐத் தொடும்.

வானிலை ஆய்வு மையம் சொல்லும் 40 டிகிரி, நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் அளந்தது. வாகன வரிசையில் நிற்கும் காருக்கு அந்த 40 கிடைக்காது. கீழே தார்ச்சாலை கொதிக்கிறது. முன்னால் நிற்கும் டெம்போவின் புகை நேராகக் கிரில்லில் வந்து அடிக்கிறது. போதாக்குறைக்கு, ரேடியேட்டரைத் தாண்டிப் போன சூடான காற்று, விரட்டிக்கொண்டு போக எதிர்க்காற்று இல்லாததால், பம்பருக்கு அடியில் சுழன்று மறுபடி முன்பக்கத்துக்கே வந்துவிடுகிறது. கண்டென்சர் தான் கொட்டிய வெப்பத்தையே திரும்பக் குடிக்கிறது.

இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நஷ்டம் இருக்கிறது. கண்டென்சரில் திரவமான கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பாய்ந்து கூலிங் காயிலுக்குப் போகிறது. சூடாக வந்த திரவம் பூஜ்ஜிய டிகிரிக்கு இறங்க வேண்டுமே, அந்த இறக்கத்துக்கு அதுவே தன்னில் ஒரு பங்கை ஆவியாக்கிச் செலவழிக்கிறது. திரவம் 50 டிகிரியில் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இப்படிப் போய்விடும். 70 டிகிரியில் வந்தால் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சமிருக்கும் திரவம்தான் நம்மைக் குளிர்விக்கும். அந்த மிச்சம் இருபது டிகிரி வித்தியாசத்தில் கால்வாசி குறைந்துவிட்டது, கேஸ் ஒரு கிராம்கூட ஒழுகாமலே. நெடுஞ்சாலையில் 2,500 சுற்றில் ஓடிய எஞ்சின் இப்போது 800 சுற்றில் இருக்கிறது. அதோடு பெல்ட்டால் கட்டப்பட்ட கம்ப்ரஸரும் அதே விகிதத்தில் மெதுவாகத்தான் சுற்றும். குறைந்த சரக்கை மெதுவாக அனுப்பினால் என்ன மிஞ்சும்?

வேட்டவலம் சாலைப் பக்கம் ஒரு ஏசி பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். நல்ல உச்சி வெயில். வெளியூர்க் கார் ஒன்று பானெட்டைத் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் இரண்டு குழாய்களிலும் கேஜ் மாட்டியிருந்தார். சிவப்பு முள் 320ஐத் தாண்டி நின்றது. கேஸ் போடச் சொல்லித்தான் டிரைவர் வந்திருந்தார். மெக்கானிக் பதில் சொல்லாமல் பையனைக் கூப்பிட்டார். பையன் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் வீசினான். ஆவி பறந்தது. இரண்டாவது மக்குக்கே முள் இறங்க ஆரம்பித்து, 220க்குக் கீழே வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் கத்தினார்: "ஜில்லுன்னு வருதுண்ணே!" மெக்கானிக் கேஜைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கேஸெல்லாம் சரியாத்தான்பா இருக்கு. முன்னாடி மூச்சு விட வழியில்ல."

ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று செய்ய முடியாத வேலையைத் தண்ணீர் செய்து காட்டிவிட்டது. தண்ணீர் பட்டதும் குளிர்கிறது என்றால் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, கேஸ் இருக்கிறது, கொட்டும் இடத்தில்தான் கோளாறு என்று அர்த்தம். ஆயிரம் ரூபாய்க் கருவிகூட வேண்டாத இந்தச் சோதனையை நான் எந்த ஸ்கேனரைவிடவும் நம்புவேன். சைலன்சர் தொடங்கும் இடத்திலும் வயரிங்கிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தக் காரின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்த சந்தில் வைக்கோல் துணுக்கும் கொள்ளுச் செத்தையும் அடைத்திருந்தன. இந்த மாவட்டத்துச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கொள்ளையும் கேழ்வரகையும் வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுக்கட்டும் என்று பரப்பிவிடுகிறார்கள். அது ஆபத்தான வழக்கம். செடி அச்சில் சுற்றித் தீப்பிடித்த கார்கள் உண்டு. தீப்பிடிக்காத கார்களிலும் செத்தை உள்ளே போய்த் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்றுதான் தெரியும். அழுக்கு அதன் முதுகில். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். பைக் கழுவும் பிரஷர் பம்பைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைந்துவிடும்.

அழுக்கு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் ஃபேன் மேல். ஏசியைப் போட்டதும் முன்னாலிருக்கும் ஃபேன் ஓட வேண்டும். அழுத்தம் ஏறினால் வேகம் கூட வேண்டும். ரிலே போனால் சுற்றவே சுற்றாது, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். வம்பு பண்ணுவது பாதி உயிரோடு இருக்கும் ஃபேன்தான். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும். "ஓடுதே" என்று திருப்திப்பட்டு விட்டுவிடுவோம். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிடும். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சுடுகிற வண்டிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் கண்டென்சருக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் தூரத்துக்குள்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அழுத்தம் 450 பிஎஸ்ஐயை நெருங்கினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். குழாய் வெடிக்காமலிருக்க வைத்த ஏற்பாடு அது. கொஞ்சம் ஆறியதும் தானாகவே மறுபடி ஓடும். ஏசி விட்டுவிட்டு வருகிறது என்று பலர் சொல்வது இந்த நாடகத்தைத்தான்.

இனி அந்தக் கேஸ் விவகாரம். பெட்ரோலைப் போல அது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றும் பொருள். ரப்பர் ஹோஸ்களிலும் கம்ப்ரஸர் சீலிலும் வருடத்துக்குச் சில கிராம் கசியலாம், அவ்வளவுதான். வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கலந்தே சுற்றுவதால், ஒழுகும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது: ஆயில் குறைந்துகொண்டே போய் ஒருநாள் கம்ப்ரஸர் இறுகிவிடும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரமாகும்.

கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேஜ் வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் பட்டறைகளிலேயே உண்டு. வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முழுச் சிலிண்டரோ, கால் சிலிண்டரோ, உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை அழுத்தம் ஒன்றுதான். அது அன்றைய வெப்பநிலையைப் பொறுத்தது. அதனால்தான் சிலிண்டரை எடை போட்டு வாங்குகிறோம். கார் ஏசியும் அச்சு அசல் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. 35 டிகிரி வெப்பத்தில் வெகுநேரம் அணைத்துக் கிடந்த காரில் கேஜ் மாட்டினால் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும்; உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதேதான். ஆர்-134ஏ எத்தனை கிராம் போட வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 400 கிராமை ஒட்டித்தான். இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, தராசில் வைத்து அளந்து ஏற்றுவதைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

குறைந்தால் குளிராது, கூடினால் நல்லதுதானே என்று ஒரு நம்பிக்கை. கூடினாலும் குளிராது. மிகுதித் திரவம் கண்டென்சரின் கீழ்க் குழாய்களில் தேங்கி, கேஸ் ஆறுவதற்கு இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் வண்டிக்கு மே மாத மதியத்தில் "கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்பது வினையை விலை கொடுத்து வாங்குவது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தாலும் இதே கதிதான். காற்று அங்கே திரவமாகாது. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டும். காற்றோடு வந்த ஈரமோ வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும், ஏசி நின்றதும் உருகி வழிவிடும், ஓடியதும் மறுபடி அடைக்கும். கேஸ் ஏற்றுமுன் வேக்குவம் பம்ப் போடுவது இந்த இரண்டையும் விரட்டத்தான். 35 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்க வேண்டும். பம்ப் அதற்கும் கீழே கொண்டுபோய், ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறும் வரை ஓட வேண்டும். அரைமணி நேரமாவது ஆகும். டின்னைச் செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைக்கும் இடத்தில் காரை விடாதீர்கள்.

வெயிலில் மட்டும் வரும் இன்னொரு கோளாறு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கோளாறு அது. காலையில் ஏசி அருமையாக ஓடும். மதியம் வரிசையில் நிற்கும்போது திடீரென்று நின்றுவிடும். சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்! மெக்கானிக் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கேஜில் எல்லாம் சரியாக இருக்கும். குற்றவாளி கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் மேக்னடிக் கிளட்ச். ஏசி சுவிட்சைப் போட்டதும் ஒரு செம்புக் கம்பிச் சுருள் காந்தமாகி, எதிரே இருக்கும் இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்துப் பிடிக்கிறது. அப்போதுதான் பெல்ட்டின் சுழற்சி கம்ப்ரஸருக்குப் போய்ச் சேரும். தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி. தேய்மானத்தில் அது மெல்ல அகலும். அகல அகல, காந்தம் இன்னும் பலமாக இழுக்க வேண்டும்.

வெயில் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் செம்பின் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த சுருள், நகராத வண்டியின் எஞ்சின் சூட்டில் 110ஐத் தொட்டால் தடை முப்பது சதவீதம் கூடிவிடும். பேட்டரி தரும் வோல்டேஜ் மாறாததால் மின்சாரம் கால்வாசி குறையும். காந்தத்தின் இழுவிசையோ மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, இழுக்கும் பலம் பாதியை நெருங்கிவிடுகிறது. தேய்ந்த தட்டை இழுக்க அது போதாது. சாயங்காலம் ஆறியதும் பலம் திரும்பிவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். பட்டறைக்காரர்கள் செய்யும் மருத்துவம் எளிது: தட்டுக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றைக் கழற்றி இடைவெளியைக் குறைப்பார்கள். பல வண்டிகளில் அத்தோடு தீர்ந்துவிடும். தெரியாதவர்கள் கம்ப்ரஸரையே மாற்றி பில் போடுவதும் நடக்கிறது. புது மாடல்கள் சிலவற்றில் இந்தக் கிளட்சே கிடையாது. கம்ப்ரஸர் எப்போதும் சுற்றும், உள்ளே வால்வுதான் அளவைக் கூட்டிக் குறைக்கும்.

ஏசி நின்றதும் பார்க்க வேண்டிய முதல் இடம் டேஷ்போர்டில் இருக்கும் எஞ்சின் டெம்பரேச்சர் முள். அது மேலே ஏறியிருந்தால் எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே ஏசியைத் துண்டித்திருக்கும். அப்போது ஏசி மெக்கானிக்கைத் தேடாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் ஃபேனையும் பார்க்க வேண்டும், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

கார்த்திகை தீபத்துக்கு மழை ஈரத்தில், ராத்திரி நேரத்தில் வரும் வண்டிகளின் புகார் முற்றிலும் வேறு. அங்கே காற்று சுடாது, காற்றே வராது. கூலிங் காயிலில் படிந்த ஈரம் உறைந்து பனியாகி வழியை அடைத்திருக்கும். ஏசியை மட்டும் அணைத்துப் புளோயரை ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் உருகிவிடும். அழுக்கான கேபின் ஃபில்டரும், காயில் வெப்பநிலையைச் சொல்லும் சின்ன சென்சாரும் இதில் சந்தேகத்துக்குரியவை.

குறையே இல்லாத வண்டிகளும் பட்டறைக்கு வருகின்றன. மூன்று மணிநேரம் வெயிலில் நின்ற காரின் ஸ்டீயரிங்கும் சீட்டும் டேஷ்போர்டும் தலைக்கூரையும் சேர்த்துத்தான் ஏசி குளிர்விக்க வேண்டும். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, நிறுத்திய காருக்குள் ஒரு மணிநேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடுவதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுவதையும் காட்டியது. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு "தேங்காய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். பிறகு மூடி, உள்காற்றே சுழலும் பட்டனைப் போடுங்கள். 40 டிகிரிக் காற்றைத் திரும்பத் திரும்பக் குளிர்விப்பதற்குப் பதில், 28க்கு இறங்கிய காற்றையே மேலும் குளிர்விக்கும். அப்படியும் நகராத வரிசையில் ஏசி வாயில் 14, 15 டிகிரி வந்தால் அது நோயல்ல. கத்திரியில் அவ்வளவுதான் முடியும். கிரிவலம் போனவர்களுக்காகக் காத்திருக்கும் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சின் ஓட, ஏசியில் தூங்குவதைப் பார்க்கிறேன். சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பழைய கேஸை என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பல பட்டறைகளில் வால்வை அழுத்தி 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுகிறார்கள். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக பூமியைச் சூடாக்குகிறது. ஒரு காரின் 400 கிராம் போனால் 572 கிலோவுக்குச் சமம்; ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. ஓசோன் படலத்தை அரித்த பழைய ஆர்-12ஐ 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் விரட்டியபோது அதன் இடத்துக்கு வந்தது இது. இப்போது இதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2016இல் உருவான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. 2032 முதல் இந்த வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ கிடையாது. பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ்தான். பூமிக்கு அதனால் கெடுதல் மிகமிகக் குறைவு.

ஆனால் எந்தக் குளிர்பொருளுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆர்-134ஏவுக்கு அந்த எல்லை 101 டிகிரி. புதிய கேஸுக்கு 94.7. அந்த எல்லையை நெருங்க நெருங்கக் குளிர்விக்கும் திறன் சரியும். ஸ்டாக்ஹோமில் ஓடும் காருக்கு இந்த ஆறு டிகிரி ஒரு பொருட்டே இல்லை. மே மாதத்தில் செங்கம் சாலையில் நிற்கப்போகும் காருக்கு இன்னும் பெரிய கண்டென்சரும் இன்னும் வலுவான ஃபேனும் வேண்டியிருக்கும். கொள்ளுச் செத்தை அதிலும் போய் அடைக்கத்தான் போகிறது.